ஒரு வாரமாக ஒரே பாடம்

“ஒரு பாடத்தை எத்தனை நாளைக்குத்தான் நடத்துவீக டீச்சர்?”

வெள்ளத்துரை உட்காரக்கூட இல்லை. தலைமையாசிரியர் எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். போடாமல் என்ன செய்வார்? பரளச்சிப் பக்கத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளத்துரைதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஊரிலேயே பெரிய பருத்திக்காடும் அவருடையதுதான்.

ஜெகதீஸ்வரி, அந்தக் கழகம் போட்ட தற்காலிக ஆங்கில டீச்சர். பாலவனத்தத்திலிருந்து பஸ் மாறி வருகிறாள். ஜூன் மாதம் அவளை மறுபடியும் எடுப்பதா, வேண்டாமா என்று சொல்லப்போகிறவரும் வெள்ளத்துரைதான். வேலை போனால் அவள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

வெள்ளத்துரையின் மகள் ப்ரியா ஒன்பதாம் வகுப்பு. இங்கிலீஷ் வகுப்பில் ஒரு வாரமாக அதே கிலோ, அதே கிலோமீட்டர், அதே ‘இஸ்’, அதே ‘ஆர்’தான் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். டீச்சருக்கு அதுக்கு மேலே தெரியாது போல என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தாள்.

“பிள்ளைக மனசுல நல்லாப் பதியட்டும்னுதான்யா,” என்றாள் ஜெகதீஸ்வரி.

வெள்ளத்துரைக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. வேலை என்றால் கறாராக நடக்கவேண்டும் என்றார். தன் காட்டையே உதாரணம் காட்டினார். வெடித்த பருத்தி மழையில் நனைந்தால் விலை போகாது. அதனால் இந்த வருசம் அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்.

“பருத்தி எடுக்க வீட்டுக்கு ரெண்டு ஆளா வந்தாத்தான் வேலை, ஒத்தை ஆளா வந்தா திரும்பிப் போயிருன்னுட்டேன். இப்பப் பாருங்க, வேலை என்னமா ஓடுதுன்னு.”

தலைமையாசிரியர் தலையாட்டினார். வெள்ளத்துரை ஜெகதீஸ்வரி பக்கம் திரும்பினார்.

“வாங்க, நீங்க நடத்துறதை நானே பாக்கேன்.”

வகுப்பில் பாதி பெஞ்சு காலி. வெள்ளத்துரை அதையும் கவனித்தார். இப்படி அரைத்த மாவையே அரைத்தால் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் வரும் என்று தலைமையாசிரியர் காதில் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. வகுப்புக்கே கேட்டது.

 ஜெகதீஸ்வரி சாக்பீஸை எடுத்தாள். எடை, தூரம், நேரம் இதெல்லாம் எண்ணிக்கையில் எத்தனை வந்தாலும், மொத்தமாக ஒரே அளவாகச் சொல்லும்போது இங்கிலீஷில் ‘இஸ்’தான் வரும் என்றாள். ‘ஃபைவ் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் வாக்’ என்று போர்டில் எழுதினாள். தனித்தனியாக எண்ணுகிற பொருளுக்குத்தான் ‘ஆர்’.

வெள்ளத்துரைக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் இது புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் கூடத்தான் செய்தது. இவ்வளவு லேசான சங்கதிக்கா ஒரு வாரம்?

“யாராச்சும் சொந்தமா ஒண்ணு சொல்லுங்க பாப்போம்,” என்றார்.

கடைசி பெஞ்சில் மாரீஸ்வரி எழுந்தாள். ஜெகதீஸ்வரி அவசரமாக அவளை உட்காரச் சொல்லி, ப்ரியாவைக் கை காட்டினாள்.

“எம் மக சொல்லுவா, அது எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை சொல்லட்டும். யாரு மக தாயி நீ?”

“பொன்னுத்தாய் மகங்கய்யா.”

“சொல்லு.”

“டுவென்டி கிலோஸ் இஸ் எ ஹெவி லோடு.”

வெள்ளத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை தெளிவாகச் சொன்னதில் சந்தோசமும்தான்.

“ஏன் ‘ஆர்’ போடல?”

“கிலோ இருபதா இருந்தாலும், தலையில தூக்குற மூட்டை ஒண்ணுதானங்கய்யா.”

“அடி சக்கை. இருபது கிலோ கனம்னு உனக்கு எப்படித் தெரியும்? எங்க தூக்குன?”

“உங்க காட்டுலதாங்கய்யா.”

ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில் பிள்ளைக்கு ஒரு தயக்கமும் இல்லை. காலியாகக் கிடந்த பெஞ்சுகளைக் காட்டினாள்.

“நேத்து இந்தப் பக்கத்துப் பெஞ்செல்லாம் காட்டுக்குப் போற முறை. இன்னைக்கு அந்தப் பக்கத்துப் பெஞ்செல்லாம் போயிருக்கு. எங்க முறை இல்லாத நாளு அம்மாவும் வேலைக்குப் போக மாட்டாக. எல்லாரும் ஒண்ணாப் போனா வகுப்பு காலியாயிரும்ல, அதான் முறை வச்சுக்கிட்டோம். டீச்சர் எந்த முறைக்கும் பாடம் விட்டுப்போகாம மறுபடி நடத்துவாக.”

பருத்தி எடுக்கிறவர்கள் தலைத்துண்டும் பழைய சட்டையுமாகக் குனிந்து நிற்பார்கள். சாயங்காலம் எடை போட வரும் வெள்ளத்துரை தராசு முள்ளைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது ப்ரியா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

ஜெகதீஸ்வரியும் பின்னாலேயே வந்தாள். வெள்ளத்துரை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

“அத்தனை பேச்சுப் பேசுனேனே. இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? வேலை போயிரும்னு பயந்துட்டீகளா?”

“ஆமாங்கய்யா, பயந்துட்டேன்.”

“நான் என்ன அவ்வளவு மோசமான ஆளா? அதுக்காக உங்க வேலையில கை வைப்பேனா?”

“என் வேலைக்குப் பயப்படலைங்கய்யா. இதை நான் சொல்லி, இனிமே பிள்ளைக காட்டுக்கு வரக்கூடாதுன்னு நீங்க சொல்லி, பொன்னுத்தாய் ஒத்தை ஆளா வந்து நின்னா, திருப்பி அனுப்பிருவீகளே.”