மேகத்தில் ஆறு நிமிடம்

எண்பத்திரண்டாம் வருஷத்து ஆவணி வெயிலில், ஜவ்வாது மலைக்கு மேலே ஆறாயிரம் அடியில் சின்னப் பயிற்சி விமானம் உறுமிக்கொண்டு போகிறது. வெளியே எதுவும் தெரியாதபடி மறைப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு, கருவி முட்களை மட்டும் பார்த்து ஓட்டுகிறான் சக்கரவர்த்தி. வெளியே பார்க்காமல் ஓட்டும் அந்த நேரமெல்லாம் அவன் பதிவேட்டில் ஏறும். பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் திரௌபதிக்கு ஏறாது. அவள் கண்ணுக்குத்தான் காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரை வரை தெரிகிறதே! அவள் எழுதிக்கொள்ள நிஜ மேகம் வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்க அப்படி ஆறே நிமிடம் பாக்கி. நாளையோடு கெடு முடிகிறது. மூன்று வாரமாக வானம் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. இதோ, கண்ணாடியில் வெள்ளை வந்து அப்புகிறது. இறக்கை நுனி கரைகிறது. நீர்முத்துகள் கண்ணாடியில் மேல்நோக்கி ஓடுகின்றன. கடிகாரப் பொத்தானை அமுக்கிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரிக்கிறாள். "இன்னா மேடம், தப்பா ஓட்றேனா?" "தொப்பியக் கழட்டிட்டுப் பாருப்பா." கழற்றுகிறான். "ஐயோ, ஒண்ணுமே தெரியலியே!" "அதான்பா வேணும் எனக்கு! முள்ளப் பாத்து ஓட்டு." ஐந்து நிமிடம் ஆனதும் மேகம் கிழிந்து, நெல்லிவாசல் பக்கத்துச் சாமைக் கொல்லைகள் பச்சைப்பசேலென்று விரிகின்றன. அவள் விரல் தானாகப் பொத்தானை அமுக்கிக் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது. சக்கரவர்த்தி அதை எட்டிப் பார்க்கிறான். "ஒரு நிமிசந்தானே மேடம், சேத்துப் போட்டுக்கோங்க. யாரு பாக்கப் போறாங்க?" பின்னால் பஞ்சுப் பொதியாய் நிற்கும் மேகத்தை ஆசையாகத் திரும்பிப் பார்க்கிறாள் திரௌபதி. "கொல்லைய நான் பாத்துட்டேனேப்பா! திருப்பு, இன்னொரு வாட்டி உள்ள பூந்துட்டு வர்லாம்."