சர்க்கரைப் போர்வை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் செல்வினுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அவன் வயிற்றில் இருப்பது அக்கா எப்சிபா கொடுத்த சிறுநீரகம். வெள்ளையணுக்கள் அதை அந்நியமென்று தாக்காமலிருக்க, சில கிருமிகள் ஒளிந்துகொள்ளத் தம்மேல் போர்த்திக்கொள்ளும் சர்க்கரைப் போர்வையை அதற்கும் போர்த்தியிருந்தார்கள்.

"இப்ப ரத்தத்துல பரவுற கிருமிக்கும் அதே போர்வைதான். வெள்ளையணு அதைத் தொடாமலே போகுது," என்றார் டாக்டர். "போர்வையைக் கரைக்க ஊசி இருக்கு. போட்டா கிருமி செத்துரும், உயிர் தப்பும். ஆனா கிட்னியோட போர்வையும் கரைஞ்சிரும். அப்புறம் உடம்பு அதையும் விட்டுவைக்காது, திரும்ப டயாலிசிஸ்தான்."

செல்வினுக்குப் பல் தந்தியடித்தது. "வேண்டாம். அக்கா தந்தது. நானே அத அழிக்கவா?"

அவன் சம்மதமில்லாமல் போட முடியாது. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

கொடுத்ததை ஒருநாளும் சொல்லிக்காட்டாதவள் எப்சிபா. யாராவது பேச்செடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஏல, அது யாரு கிட்னி?"

அவன் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"என் கிட்னி. நான் குடுத்தத நானே திருப்பிக் கேக்கேன். கைய நீட்டு."

செல்வின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான்.