ஆலோசகர் நாற்காலி

தையல் ஆலையில் புதிதாகத் திறந்த மனநல ஆலோசனை அறைக்குள் அவளை அனுப்பியிருந்தார்கள்.

“தூக்கமே வரலையாமே? மனசு விட்டுப் பேசும்மா. இங்க பேசறது நாலு சுவரைத் தாண்டாது,” என்றார் ஆலோசகர்.

தலைகுனிந்தபடியே சொன்னாள்: “எல்லார் முன்னாடியும் கண்டபடி திட்டுறாங்க சார். பாத்ரூம் போனாக்கூட வாசல்ல வந்து கத்துறாங்க. ராத்திரி கண்ணை மூடினாலும் அந்தக் கத்தல்தான் கேக்குது.”

“அடப்பாவமே! யாரு அந்த ஆளு? பயப்படாம சொல்லு, உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

“நீங்கதான் சார்! எங்க சூப்பர்வைசருக்கே ஆலோசகர்னு பேட்ஜ் குத்தி இங்க உக்கார வச்சா, நாங்க யார்கிட்ட போய் அழறது?”

அவர் முகத்தில் இருந்த கனிவு போன இடம் தெரியவில்லை.

“அழுகையெல்லாம் சாப்பாட்டு நேரத்துல வச்சுக்க. எழுந்திரு, மெஷின் சும்மா நிக்குது!”