கையைத் தூக்கியவள்

எல்லோரும் கை தட்டினார்கள்.

எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்கிய கையை இறக்கலாமா என்றும் தெரியவில்லை.

"மேடைக்கு வாங்கம்மா."

தலைமையாசிரியை மைக்கில் கூப்பிட்டார். நீளமான ஹால். குரல் சுவருக்குச் சுவர் மோதி, பாதிச் சொற்கள் உடைந்துதான் வந்தன. 'கையைத் தூக்குங்க' என்பது மட்டும் அவள் காதில் தெளிவாக விழுந்திருந்தது. ஏதாவது கேட்க வந்தவர்கள் தூக்க வேண்டும் போல என்று தூக்கினாள். திரும்பிப் பார்த்தால் வேறு ஒருத்தியும் தூக்கியிருக்கவில்லை.

அவள் கேட்க வந்தது மகளின் டி.சி.

மூவாயிரம் பெண்கள் படிக்கிற பள்ளி. கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே அவளுக்குத் திக்குத் தெரியவில்லை. ஆபீஸ் என்று நினைத்து எட்டிப் பார்த்த அறையில் பிள்ளைகள் தாங்களே வயர் கோத்துச் செய்த குட்டி வண்டியைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையில் பறை அடித்துப் பழகினார்கள். மைதானத்தில் காக்கி உடுப்பில் ஒரு கூட்டம், ஒரே நேரத்தில் திரும்பியது.

பிருந்தா இதில் எதிலாவது இருக்கிறாளா?

தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் ஆபீஸைக் கண்டுபிடித்தபோது, "பேரண்ட்ஸ் எல்லாம் ஹாலுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மேடையில் பெயர் கேட்டார்கள்.

"அமுலு."

"பொண்ணு?"

"பிருந்தா. பதினொண்ணாவது, எஃப் செக்சன்."

மறுபடியும் கைதட்டல். யாரோ சால்வை போர்த்தினார்கள். மேடையில் நின்ற ரெஜினா டீச்சர் கையெழுத்துக்கு நோட்டை நீட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இனி அவள்தான் தலைவி.

"நான் அதுக்கு வரல டீச்சர்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. உங்க பொண்ணு இங்க படிக்குது இல்ல? அது போதும். வேற ஒண்ணும் வேணாம்."

பேனா கைக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாள்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் பிருந்தா ஒரு பையனோடு பேசிக்கொண்டு நின்றதை அமுலுவின் புருஷன் தயாளன் பார்த்துவிட்டிருந்தான். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "படிச்சது போதும். வெள்ளிக்கிழமை போய் டி.சி. வாங்கினு வந்துடு" என்று இவளிடம் மட்டும் சொன்னான்.

அவன் சொன்னபோது சரி என்றுதான் பட்டது.

மூன்று நாளாக பிருந்தா அழாமல், பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தால் சரியில்லை என்றும் பட்டது.

ஹால் காலியானது. ரெஜினா டீச்சர் ஒரு தாளோடு வந்தார். ஏழு பெயர்கள். ஒரு மாதமாகப் பள்ளிக்கு வராத பெண்கள்.

"நாங்க போனா கதவைச் சாத்திடுறாங்க. ஒரு அம்மா கூட இருந்தா பேசுவாங்க. முதல் வீடு பக்கத்துத் தெருதான். இப்பவே ஒரு நடை போயிட்டு வந்துடலாமா?"

முடியாது என்று சொல்ல வேண்டும். டி.சி.யைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தார்கள்.

குறுகலான படி. இரண்டாவது மாடி. ஈரக் கையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் பிருந்தா வயதில் ஒருத்தி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி தபா சொல்றது டீச்சர்? அவ வரமாட்டா."

பிறகு சால்வையைப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"பேரண்ட்ஸுக்குத் தலைவி. இவங்க பொண்ணும் நம்ம ஸ்கூல்தான்."

அந்தப் பெண் அமுலுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்து சொல்றது சுலபம்க்கா. வயசுப் பொண்ண வெளிய அனுப்பிட்டு, அவ திரும்பி வர வரைக்கும் திக்கு திக்குனு யாரு கெடக்குறது? உன் பொண்ண நீ அனுப்புறியா?"

ரெஜினா டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

தூளி நின்றிருந்தது. உள்ளே இருந்தவளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்புறேன்" என்றாள் அமுலு.

வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

"தெனமுமா?"

"தெனமும்."

அந்தப் பெண் உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கெழம பாக்கலாம்" என்றாள் கடைசியில்.

படி இறங்கும்போது போன் அடித்தது. தயாளன்.

"வாங்கிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. மேலே சொல்லிவிட்டு வந்தது பொய்யா என்பதும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வரை அது உண்மை. இனிமேல் திங்கட்கிழமை காலையில்தான் தெரியும்.

"வேல குடுத்துக்கிறாங்க. முடிச்சிட்டு வரேன்."

அவன் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாள். இதுவரை அப்படி வைத்ததில்லை.

ரெஜினா டீச்சர் கீழ்ப்படியில் காத்திருந்தார். "நேரமாச்சாம்மா? வீட்டுக்குப் போகணுமா?"

அமுலு சால்வையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வூடு எங்க டீச்சர்?" என்றாள்.