ஏப்பம் அளந்த பெட்டி

பால் பண்ணையில் செவலை என்ற பசுவின் கழுத்தில் ஒரு பெட்டியைக் கட்டினார்கள். அவள் ஏப்பத்தில் எவ்வளவு மீத்தேன் வாயு வருகிறது என்று அளப்பது அதன் வேலை. வாயுவைக் குறைக்க, தீவனத்தில் கடற்பாசிப் பொடி ஒரு கை போட்டார்கள்.

நாற்றம் தாங்காமல் செவலை தொட்டியை முகர்ந்ததோடு சரி. மூன்று நாள் பட்டினி. ஏப்பம் எங்கிருந்து வரும்?

பெட்டியில் எண் சரிந்தது. பாலும் குறைந்தது, அதற்கு வெயில்தான் காரணம் என்றார்கள். செவலைக்குச் சாமந்தி மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் மாலையைக் கழற்றித் தூணில் மாட்டினார்கள். இனி எல்லா மாட்டுக்கும் இதே பொடி என்று உத்தரவானது.

"பாவி, உன்னால எங்க வாயிலயும் மண்ணு!" என்று கத்தினாள் பக்கத்தில் கட்டியிருந்த மயிலைப் பசு.

செவலை பெட்டியிடம் கேட்டாள். "நான் தின்னவே இல்லைன்னு நீ சொல்லியிருக்கலாமே?"

"என்கிட்ட ஏப்பத்தைத்தான் கேட்டாங்க. நீ சாப்பிட்டியான்னு யாரும் கேக்கலையே."

பசி பொறுக்காமல் செவலை தூணில் தொங்கிய மாலையை இழுத்துத் தின்றாள். அசைபோட்டாள். ஒரு ஏப்பம் வந்தது.

மறுநாள் பெட்டியைப் பார்த்த அதிகாரி முகம் சுளித்தார்.

"பொடி பத்தலை. இன்னொரு கை போடுங்க."