மானுக்கு எத்தனை பெரிய குண்டு?

"சின்னக் குண்டெல்லாம் மானுக்குக் கிச்சுகிச்சு மூட்டத்தான் ஆகும்," என்றார் ஆர்லன். "நின்ன இடத்துலயே சாயணும்னா முந்நூறு மேக்னம் துப்பாக்கிதான். வேற பேச்சே கிடையாது."

கெர்மிட்டின் இறைச்சிக் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்கி இரண்டாம் நாள். முதல் நாள் அடித்த மான்களை வெட்டக் கொடுத்துவிட்டு, பாதி ஊர் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிற மேல்சட்டையில் காத்திருந்தது.

ஊருக்குப் புதிதாக வந்த போதகர் கிரெக் மட்டும் மான் இல்லாமல், கையில் குறிப்பேட்டோடு வந்திருந்தார். முதல் துப்பாக்கி வாங்குமுன் யாரைக் கேட்கலாம் என்று விசாரித்ததில் எல்லோரும் ஆர்லனையே கைகாட்டியிருந்தார்கள்.

"நானும் சின்னதுல ஆரம்பிச்சவன்தான், போதகரே. இருநூத்தி நாப்பத்தி மூணுன்னு ஒரு அளவு. குண்டு பென்சில் தடிமன்கூட இருக்காது. மூணு வருஷம், ஒரு மான் கிடையாது. கோளாறு குண்டுலதான்னு புரிஞ்சுச்சு. அடுத்த அளவு, அதுக்கு அடுத்த அளவுன்னு இன்னும் நாலு வருஷம் போச்சு. கடைசியா மேக்னம் வாங்கினேன். மூணு வருஷம், மூணு மான். நேத்து விழுந்தது மூணாவது."

"அந்தச் சின்னது என்னாச்சு?"

"மேக்னம் வந்ததும் என் பொண்டாட்டி லவோன்கிட்ட குடுத்துட்டேன். ஃபிளாஸ்க்ல காப்பி எடுத்துக்கிட்டு, துணைக்குன்னு பக்கத்து மரத்துப் பரண்ல வந்து உக்காருவா. கையில ஏதாவது இருக்கணும்ல?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆர்லனும் சிரித்தார், சிரித்ததில் தோள் வலித்தது. மேக்னம் உதைத்த உதையில் தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அதைப் போதகரிடம் அவர் சொல்லவில்லை. அந்த உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போது கண் தானாக மூடிக்கொள்வதையும் சொல்லவில்லை.

"சத்தம் ரொம்பப் பெருசா இருக்குமோ?"

"நேத்து ஒரு தடவைதான் சுட்டேன், ரெண்டு தடவை கேட்டுச்சு. மலையே திருப்பிச் சொல்லுது, பாத்துக்கங்க."

கெர்மிட் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்தான். "ஆர்லன், உன் மானைப் பிரிச்சாச்சு. குண்டு மறுபக்கத் தோலுக்கடியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. ஞாபகத்துக்கு வச்சுக்க."

மேக்னம் குண்டு மானுக்குள் தங்காது, துளைத்துக்கொண்டு போய்விடும். அதை இதே வரிசையில் பத்து நிமிடத்துக்கு முன்புதான் ஆர்லன் விளக்கியிருந்தார்.

உள்ளங்கையில் இருந்ததை உற்றுப் பார்த்தார். முனை காளான்போல் விரிந்திருந்தது. அடிப்பாகம் அப்படியே இருந்தது. சட்டைப் பையிலிருந்து தன் தோட்டா ஒன்றை எடுத்து, அதன் குண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். மானில் கிடைத்தது ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது.

அந்தக் கடையில் வேறு யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. பத்து வருடமாகக் குண்டின் அளவைத் தவிர வேறெதையும் படிக்காத ஆர்லனுக்குப் பட்டது. அத்தனை படிப்பும் கடைசியில் தன் குட்டைத் தானே உடைக்கத்தான் பயன்படுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப முந்நூறு மேக்னம்னு எழுதிக்கவா?" என்று பேனாவோடு நின்றார் போதகர்.

ஆர்லன் கையை மூடிக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்க. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

"துப்பாக்கிக்குமா வீட்டுல கேக்கணும்?" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு வாசல்வரை போனது. அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு நடந்தார்.

வீட்டில் லவோன் சூப்புக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஆர்லன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் குண்டை அவள் முன்னால் மேசையில் வைத்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அது என்னவென்று கேட்கவில்லை.

"இது என்னோடது இல்ல," என்றார்.

"இல்லதான்."

"ஏன் நேத்தே சொல்லல?"

"நீ பல்லெல்லாம் தெரிய ஓடி வந்த. கொம்பைப் புடிச்சுக்கிட்டு குண்டோட வேகத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசின. நடுவுல புகுந்து சொல்ல மனசு வரல."

அந்த அரை மணி நேரம் ஆர்லனுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவு வந்தது. காது சுட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

"கண்ணை மூடிக்கிட்டுச் சுடறவன்கிட்ட அந்த மனுஷன் குறிப்பு எடுத்துக்கிட்டு இருக்காரு."

"அவர் உன்னைவிட நல்லாவே சுடுவார். கவலைப்படாத."

ஆர்லன் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இதற்குமேல் மறைத்து வைத்தால் அவருக்கே பொறுக்காது. ஊரே சிரிக்கட்டும், வாழ்நாளில் ஒருமுறையாவது மனைவிக்குரிய பெயரை மனைவிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"இப்பவே கடைக்குப் போறேன். அந்த மானைச் சுட்டது நீதான்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்."

லவோன் கத்தியை நிறுத்தினாள்.

"எந்த வருஷத்து மானை?"