பால்பல்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். என் பேத்தி தாரகை பள்ளிக்கூடத்து கேட்டை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு அலறினாள். தெருவே பார்த்தது. எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் யாரும் அந்த வாசலில் அழுததில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசி விரலைத் தொட்டதும் என் மணிக்கட்டைக் கடித்தாள். நான் கையை உதறவில்லை. ஆடிக்கொண்டிருந்த அவளுடைய பால்பல் என் சதையிலேயே நின்றுவிட்டது. வாயெல்லாம் ரத்தத்தோடு, திகைத்துப்போய், அவள் உள்ளே நடந்தாள்.

“அழுதாளா மாமா?” என்று வீட்டில் மருமகள் கேட்டாள்.

“நம்ம வீட்டுப் புள்ள அழுமா?” என்றேன், கையைத் துண்டுக்குள் மறைத்தபடி.

சாயங்காலம் தாரகை வெளியே வந்ததும் கையை நீட்டினாள். “என் பல்லக் குடுங்க தாத்தா.”

“கூரை மேல எறியவா?”

“இல்ல. நாளைக்குக் கடிக்க வேணும்.”